குறைந்துபோன ஓர் எண்

அரசர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளுமே வரலாறு என்று எண்ணுவோர்க்கு நான் ஓர் எண்ணைக் காட்ட விரும்புகிறேன். 2003ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் புதிதாக மார்புப் புற்றுநோய் கண்ட பெண்களின் விகிதம், முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. புற்றுநோய்க் கணக்கு இவ்வளவு விரைவாக இறங்குவது அரிது. அக்குறைவும் பெரும்பாலும் 50 வயதைக் கடந்தோரிடமே காணப்பட்டது.

காரணம் காண 1942க்குச் செல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபின் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரப்பது மிகக் குறைகிறது. திடீரென்று உடல் கொதித்து வியர்ப்பதும் உறக்கமின்மையும் பலரை வருத்துகின்றன. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன், 'பிரெமாரின்' என்னும் பெயரில் அவ்வாண்டு அமெரிக்காவில் மருந்தாக வந்தது. துயர் தீர்க்கும் மருந்தாகவே அது நின்றிருந்தால் இவ்வளவு பேச்சுக்கு இடமில்லை. 1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் ஒரு நூல் எழுதினார். மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஹார்மோன் உண்டால் இளமை நீடிக்கும் என்றும் அதில் கூறினார். வாழ்வின் ஒரு பருவத்துக்கே நோய் என்று பெயர் சூட்டிய துணிவை என்னென்பது! நூல் ஏராளமாக விற்றது.

1975இல் ஈஸ்ட்ரோஜனால் கருப்பைப் புற்றுநோய் மிகுவது தெரியவந்தது. புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சேர்த்து அதனைத் தடுத்தனர். மருந்து இதயத்தையும் காக்கும் என்ற நம்பிக்கை பின்னர் வளர்ந்தது. உண்டவர்கள் உண்ணாதவர்களைவிட நலமாயிருந்தனர் என்பதே அதற்குச் சான்று. ஆனால் மருந்தை நாடியவருள் பெரும்பாலோர் கல்வியும் வசதியும் மிக்கவர். முன்னரே நலம் உடையவர்.

இம்மயக்கத்தைத் தீர்க்க 1990களில் அமெரிக்க அரசின் ஆதரவில் ஒரு பேராய்வு தொடங்கியது. கருப்பை உள்ள 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு இரு ஹார்மோன்களும் கலந்த மாத்திரையும், மற்றவருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். 2002 ஜூலையில், குறித்த காலத்துக்கு முன்பே அதனை நிறுத்திவிட்டனர். மருந்தற்ற மாத்திரை உண்டோரில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 30 பேர் என்ற விகிதத்தில் மார்புப் புற்றுநோய் கண்டது. ஹார்மோன் உண்டோரில் 38 பேர். இதயமும் காக்கப்படவில்லை.

எட்டுப் பேர் என்பது சிறிய எண்தான். ஆயின் அந்நாட்டில் மாத்திரை உண்டவரோ பல இலட்சம் பேர். செய்தி பரவியதும் பெருந்தொகையினர் அதனைக் கைவிட்டனர். மறு ஆண்டே நான் முதலிற் சொன்ன இறக்கம் வந்தது. கண்ணுக்குத் தெரியாதிருந்த சிறு கட்டிகள், ஊட்டம் நின்றதும் வளர்ச்சி தளர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் உண்ட பெண்களையும் அதே ஆய்வினர் தொடர்ந்து கவனித்தனர். அவர்களிடம் மார்புப் புற்றுநோய் மிகவில்லை. 2020இல் வெளியான நெடுங்காலக் கணக்கில் அது குறைந்தே காணப்பட்டது.