நம் கையில் வந்த கேமரா

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் எங்கே திரும்பினாலும் தூக்கிப் பிடித்த செல்போன்கள்தான். பேரருவிக்கு எதிரே, ஐந்தருவியில், பழைய குற்றாலத்தில், தென்காசிக் கோபுரத்தின் முன்னால். நம் தெருப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். "படிக்கிற வயசுல இது என்ன பொழப்பு" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். இயக்கத் தோழர்கள் சிலரும் இதை வெட்டிப் பொழுதுபோக்கு என்றுதான் நினைக்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பாட்டியின் படம் வீட்டில் இருக்கிறதா?

நம் தெருக்களில் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு படம், வாக்காளர் அடையாள அட்டைக்காக எடுத்தது. தேர்தல் ஆணையம் 1993இல் அந்த அட்டையைக் கொண்டுவந்திருக்காவிட்டால் அதுவும் இருந்திருக்காது. ஆள் இறந்த பிறகு அதையே ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாலை போடுகிறோம். அவர் இளம்பெண்ணாக எப்படி இருந்தார், யாரோடு சேர்ந்து சிரித்தார் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

குற்றாலம் படத்துக்குப் புதிய ஊர் இல்லை. சிவனின் ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கேதான் இருக்கிறது, சுவரெங்கும் ஓவியங்கள். ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் நம் முன்னோர் நுழைவதற்கே 1939இல் ஒரு சட்டமும் 1947இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்கவே சட்டம் வேண்டியிருந்த மக்களுக்குத் தங்களைப் படம் எடுத்துக்கொள்ளும் வசதி எங்கிருந்து வரும்?

அதற்காகக் கேமரா நம்மைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் அரசு 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பெயரில் 8 தொகுதிகள் வெளியிட்டது. 450க்கும் மேற்பட்ட புகைப்படங்கள்; ஒவ்வொன்றின் கீழும் இன்ன சாதி, இன்ன குணம் என்ற குறிப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், படம் பிடித்தார். 1909இல் அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 7 தொகுதிகளாக வந்தது. 1876-78 பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். இந்தப் படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. சாதியின் மாதிரியாகவோ பசியின் மாதிரியாகவோதான் அவர்கள் பதிவானார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் படத்தில் வந்தது பெரும்பாலும் செத்த பிறகுதான். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒன்று பச்சிளம் குழந்தை. விசாரணை ஆணையம் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. ஆற்றுக்குள் விரட்டியது யார் என்ற கேள்வியை அழியாமல் வைத்திருப்பது ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம். அன்று பேரணியில் நடந்தவர்கள் கையில் கேமரா இல்லை. அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஜப்பானில் முதல் கேமரா செல்போன் விற்பனைக்கு வந்திருந்தது.

23 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது? தின்பண்டம் வாங்க வந்த நம் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, இனி உங்கள் தெருவுக்குப் பண்டம் கிடையாது என்று கடைக்காரர் சொன்னார். அதைப் பெருமையாகச் செல்போனில் எடுத்துப் பரப்பியவரும் அவரே. அந்த வீடியோதான் வழக்கானது. கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி 5 பேர் 6 மாதம் ஊருக்குள் நுழையத் தடை வந்தது.

நீதி கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காட்சியிலும் கேமரா அவர்கள் கையில்தான் இருந்தது. உலகம் முழுக்கப் பார்த்தது, பண்டம் மறுக்கப்பட்ட நம் குழந்தைகளின் வாடிய முகத்தை. அதே குழந்தைகள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியிருப்பார்கள், குளத்தில் குதித்திருப்பார்கள். அதை யார் எடுத்தார்கள்?

இந்த இடத்தில்தான் பொழுதுபோக்கு அரசியலாகிறது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் தன்னை 160 முறைக்குக் குறையாமல் படம் எடுக்கவைத்தார். கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. அண்ணல் அம்பேத்கர் கோட்டும் டையுமாக நின்ற படங்கள் இன்று நம் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. அந்த உடை என்ன பேசுகிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. புது உடை உடுத்துவதையும் பொது நீர்நிலையில் குளிப்பதையும் தடுத்தால் குற்றம் என்று 2015இல் சட்டத் திருத்தம் எழுத வேண்டியிருந்த நாட்டில், புதுச் சட்டை போட்டு அருவியில் நனைந்தபடி நம் பையன் எடுக்கும் செல்ஃபி சும்மா ஒரு படம் ஆகிவிடுமா?

அதனால் எடுங்கள் தோழர்களே. எடுத்ததைக் காப்பாற்றவும் பழகுங்கள். ஸ்டேட்டஸில் வைத்த படம் 24 மணி நேரத்தில் போய்விடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரமும் இடமும் படத்திலிருந்து அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். மூலப் படத்தை நீக்காதீர்கள். நாளை அது சாட்சியமாக வேண்டியிருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு சான்றிதழ் கேட்கும். மூலப் படம் இருந்தால்தான் அந்த வேலை சுலபம். ஒருவரைப் படம் எடுக்கும்போது அவரிடம் கேட்டு எடுங்கள். பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதிவையுங்கள். பெயர் எழுதாவிட்டால் நாம் எடுப்பதும் தர்ஸ்டன் படம்தான்.

இந்தச் சாரலுக்கு உங்கள் பாட்டியையும் குற்றாலத்துக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீர் தலையில் விழும்போது அவர் சிரிப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுங்கள். பிரிண்ட் போட்டு, பின்னால் அவர் பெயரை எழுதி, வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

ஜெய் பீம்!