கருகிய இலை கூறும் வரலாறு



தக்காளிச் செடியின் இலைகள் பழுப்பேறிக் கருகுவதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றிவிட்டது. அதுதான் பின்கருகல் நோய். குளிரும் ஈரமும் மிகுந்த காலத்தில் இலைகளில் நீர் கோத்தாற்போன்ற புள்ளிகள் தோன்றிப் பழுப்பாகும். இலையின் அடியில் வெண்ணிறப் பூசணம் படரும். சில நாள்களில் செடியே மடியும். தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆகவே இந்நோய் இரண்டையும் தாக்கும்.

1845ஆம் ஆண்டு இந்நோய் அயர்லாந்தை அடைந்தது. அங்கு ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்கே அன்றாட உணவு. ‘லம்பர்’ என்னும் ஒரே வகையையே பெரும்பாலோர் பயிரிட்டனர். கிழங்கையே விதையாக நட்டதால் செடிகள் யாவும் ஒரே தன்மை கொண்டிருந்தன. ஒன்றைக் கொன்ற நோய் அனைத்தையும் கொன்றது. 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முற்றாக அழிந்தது. தானியம் விளையாமல் இல்லை. அது கப்பலேறி வெளிநாடு சென்றது. ஏழைகளிடம் அதனை வாங்கப் பணமில்லை. பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேருக்குக் குறையாமல் நாட்டைவிட்டு வெளியேறினர்.

இலை ஏன் கருகியது? கடவுளின் தண்டனை என்றனர் சிலர். செடி மழைநீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் அழுகியது என்றார் தாவரவியல் பேராசிரியர் ஜான் லிண்ட்லி. அழுகியதால்தான் பூசணம் வந்தது என்பது பலரின் எண்ணம். ஆனால், பெர்க்லி என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் உருப்பெருக்கியில் இலையை ஆராய்ந்து, பூசணமே நோய்க்குக் காரணம் என்று 1846இல் எழுதினார். ஏற்றவர் சிலரே. 1861இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி, அதன் வித்துகளை நல்ல இலைகளில் இட்டு, நோய் உண்டாவதை மெய்ப்பித்தார். பின்னர் அதற்கு ‘பைட்டோப்தோரா’ எனப் பெயரிட்டார். ‘செடியை அழிப்பது’ என்பது அதன் பொருள். அது உண்மையான பூஞ்சையன்று, நீர்ப்பூசண வகையைச் சேர்ந்தது என்பது இன்றைய அறிவியலின் முடிவு.

1885இல் பிரான்சு நாட்டு மில்லார்டே, திராட்சைக் கொடியின் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை அறிவித்தார். அதுவே பின்கருகலுக்கும் மருந்தாயிற்று.

காரணத்தை மெய்ப்பிக்க 16 ஆண்டுகள்; மருந்து காண 40 ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறை அழிந்தும் சிதறியும் போனது.

எனினும், பஞ்சத்தை உண்டாக்கியது நோய் மட்டுமன்று. ஒரே பயிரை நம்பிய வாழ்வும், ஏழைக்கு எட்டாத தானியமும் அதற்குத் துணை நின்றன. இரப்பர் என்னும் ஒரே பயிரை நம்பி வாழ்ந்த தோட்டத்து மக்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

மாணவர்களே, கருகிய இலையைக் கண்டால் வெறுமனே பிடுங்கி எறியாதீர்கள். முதலில் அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.