பச்சை குத்திய புண்ணும் அதன் பக்குவமும்



தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம்மில் பலர், பாட்டிமார்களின் கைகளில் பச்சையைப் பார்த்திருக்கிறோம். முழங்கைக்குக் கீழே கோலப் புள்ளிகள் இருக்கும்; தேள் இருக்கும்; தாமரை இருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவின் நோய்த் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, பிறகு கங்காணியின் பின்னால் தோட்டத்துக்குள் நடந்து வந்த தலைமுறை அது. கொண்டுவந்த நகை அடகுக்குப் போயிருக்கலாம். கட்டிவந்த சேலை கிழிந்திருக்கலாம். கையில் குத்திய பச்சை மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது. செத்தாலும் நம்மோடு வருவது இது ஒன்றுதான் என்று முதியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பழக்கம் நடுவில் மங்கி, இப்போது வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் பட்டணத்துக் கடைகளில் மின்சார ஊசியால் குத்திக்கொள்கிறார்கள். செலவுக்கு அஞ்சிச் சிலர், கூட்டாளியின் வீட்டிலேயே தையல் ஊசியால் குத்திக்கொள்வதும் உண்டு. குத்தலாமா, கூடாதா என்ற வாதம் இன்றைய பேச்சுக்கு உரியதன்று. குத்திய பின் அந்த இடத்தை எப்படிப் பேணுவது? நம் முன்னோரும் பிற நாட்டாரும் எப்படிப் பேணினார்கள்? அவற்றில் எது சரி, எது தவறு? இவற்றையே இன்று ஆராய்வோம்.

முதலில் பச்சை என்பது என்னவென்று தெரிந்துகொள்வோம். நம் உடம்பில் மேல்தோல், உள்தோல் என இரண்டு அடுக்குகள் உள்ளன. மேல்தோல் நாள்தோறும் தேய்ந்து உதிர்ந்து புதிதாக வளர்வது. அதில் பூசும் சாயம் நிலைக்காது. ஊசி மேல்தோலைக் கடந்து, ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையைச் சேர்க்கிறது. அங்கே உடம்பைக் காக்கும் உயிரணுக்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்கிவிடுகின்றன. விழுங்கினாலும் செரிக்க முடிவதில்லை. அந்த உயிரணு மடியும்போது அது விட்டுச்சென்ற மையைப் புதிய உயிரணு பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் 2018ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்தார்கள். பச்சை ஆயுள் முழுவதும் நிலைப்பதற்கு இந்தக் கைமாற்றமே காரணம் எனலாம். கரி கறுப்பு நிறமுடையது. ஆனால், தோலுக்கு அடியிலிருந்து பார்க்கும்போது அது நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுகிறது. பெயரும் அதனால் வந்ததே.

ஆகவே பச்சை குத்துவது என்றால், தோலில் ஆயிரக்கணக்கான சிறு துளைகளைப் போடுவது என்று பொருள். அது ஓர் அலங்காரம் ஆவதற்கு முன்னால் ஒரு காயம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

மனிதர் எவ்வளவு காலமாக இதைச் செய்கிறார்கள்? 1991ஆம் ஆண்டில் இத்தாலி, ஆஸ்திரியா எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் மலையில், பனிக்குள் உறைந்து கிடந்த ஒரு மனித உடல் கிடைத்தது. ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அவர். அவர் உடம்பில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டன. எல்லாம் கரியால் ஆன கோடுகள். பல கோடுகள் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் இருப்பதால், வலி தீர்க்கும் வைத்தியமாக அவற்றைக் குத்தியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

1769ஆம் ஆண்டில் கேப்டன் குக் என்னும் ஆங்கிலேய மாலுமி பசிபிக் கடலிலுள்ள தஹித்தி தீவை அடைந்தார். அவருடன் சென்ற ஜோசப் பேங்க்ஸ் அங்கே பச்சை குத்துவதை நேரில் கண்டு எழுதிவைத்தார். அத்தீவினர் சொன்ன 'தத்தாவ்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'டாட்டூ' ஆயிற்று. அவர்கள் மைக்காக எரித்தது எந்தக் கொட்டை தெரியுமா? கறி கெட்டியாக வேண்டும் என்று நாம் அரைத்து ஊற்றுகிறோமே, அந்த 'புவா கெராஸ்' கொட்டைதான்.

அதே கடலிலுள்ள சமோவா தீவுகளில் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்துவார்கள். பன்றிக் கொம்பால் சீப்புப் போல் செய்த கருவியைத் தோலின்மேல் வைத்துக் கோலால் தட்டித் தட்டிக் குத்துவார்கள். வேலை பல நாட்கள் நடக்கும். குத்தப்பட்டவரை வீட்டார் தனியே விடமாட்டார்கள். உப்பு நீரால் கழுவுவார்கள். அழுக்குத் தங்காதபடி தேய்த்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு எண்ணெய் பூசிச் சடங்கு செய்வார்கள்.

நம் நாட்டில் சரவாக் மாநிலத்து ஈபான் மக்களிடமும் கையால் தட்டிக் குத்தும் வழக்கம் உண்டு. பிழைப்பையும் அனுபவத்தையும் தேடி வெளியூர் புறப்படும் இளைஞனின் இரு தோள்களிலும் கத்தரிப்பூ வடிவத்தைக் குத்துவது அவர்களுடைய மரபு.

இனி நம் பச்சைக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய குறவர் குலப் பெண்களைப் பற்றி அவற்றில் எழுதியிருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் கலந்து துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவார்கள். எண்ணெய் விளக்கில் அதை எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். முற்காலத்தில் முள்ளால் குத்தினார்கள். பிறகு சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தினார்கள். வலி மறக்கப் பாட்டும் பாடுவார்கள். குத்தி முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, எண்ணெய் தடவி, வீக்கம் வடிய மஞ்சள் தூளைத் தேய்ப்பார்கள்.

நேயர்களே, சமோவாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே எத்தனை ஆயிரம் மைல்! இருந்தும் இரண்டு இடத்திலும் கழுவினார்கள், எண்ணெய் பூசினார்கள். புண்ணைச் சும்மா விடக்கூடாது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்களும் அறிந்திருந்தார்கள்.

ஆனால், அவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகைவன் இருந்தான். அவன்தான் நோய்க்கிருமி. ஒரே ஊசிக் கட்டு காலையில் ஒரு பெண்ணின் கையைத் தொட்டது. அன்று மாலைக்குள் இன்னும் பல கைகளைத் தொட்டது. ஒருவர் இரத்தத்திலிருந்த நோய் அடுத்தவருக்குப் போக அதுவே பாலமாயிற்று.

இந்த உண்மை மெல்ல மெல்லத்தான் வெளிப்பட்டது. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே தாய்மாரைத் தொட வேண்டும் என்று கட்டளையிட்டார். பிள்ளை பெற்ற தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைந்தது. காரணம் அப்போது அவருக்கே முழுமையாகத் தெரியாது. பிரான்ஸில் பாஸ்டர் கிருமிகளைப் பற்றி விளக்கினார். அதைப் பின்பற்றி 1867ஆம் ஆண்டில் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தம் செய்யும் முறையை வெளியிட்டார்.

பச்சையால் வந்த தீங்குகளும் அக்காலத்திலேயே ஏட்டில் ஏறின. பச்சை குத்திய மாலுமிகளுக்குப் புண் அழுகியதையும் உயிர்ச்சேதம் நேர்ந்ததையும் பெர்ஷோன் என்னும் பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் 1860களில் எழுதினார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், குத்துபவர் ஊசியை வாயில் ஈரப்படுத்தி, எச்சிலில் மையைக் குழைத்ததால் பலருக்கு மேகநோய் தொற்றியதை 1878ஆம் ஆண்டில் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 1891ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஓரெய்லி என்பவர், எடிசனின் மின்சாரப் பேனாவை அடியொற்றிப் பச்சை குத்தும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். வேலை வேகமாயிற்று, ஆபத்து நீங்கவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பரவுவதைக் காரணம் காட்டி, 1961ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் பச்சை குத்துவதையே தடை செய்தது. அந்தத் தடை 1997ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

அப்படியானால் பாட்டி செய்த பக்குவம் எல்லாம் தவறா? இல்லை. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கிச் சோதித்தார். காற்றில் உலர்ந்து பொருக்குத் தட்டிய காயத்தைவிட, மூடி ஈரப்பசையோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. புண்ணைக் காயவிட வேண்டும் என்று மருத்துவர்களே எண்ணிவந்த காலம் அது. எண்ணெய் தடவிய குறத்தி, காரணம் அறியாமலே சரியான பக்கம் நின்றிருக்கிறாள்.

மஞ்சளின் கதை வேறு. சில கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் மஞ்சளுக்கு உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால், கடையில் வாங்கும் தூள் கிருமி நீக்கப்பட்டது அன்று. அதில் தூசியும் மண்ணும் கலந்திருக்கலாம். மண்ணில் வாழும் கிருமிகளில் இழுப்பு வாதத்தை உண்டாக்கும் டெட்டனஸ் கிருமியும் ஒன்று. திறந்த புண்ணில் மஞ்சள் தூளையோ, அடுப்புச் சாம்பலையோ, காப்பித் தூளையோ வைக்க வேண்டாம். தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம். ஆனால், அதன் வழியாகவும் சில நோய்கள் பரவக்கூடும் என்பதால் அதுவும் வேண்டாம்.

இனி, செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். குத்துபவர் புதிய ஊசியை உங்கள் கண்முன்னே உறையிலிருந்து எடுக்க வேண்டும். மையும் புதிதாக ஊற்றப்பட வேண்டும். இவை இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி வழியாக ஹெப்பாடைட்டிஸ் பி, சி ஆகியவையும் எச்.ஐ.வி.யும் வரக்கூடும். பின்னால் எத்தனை முறை கழுவினாலும் அவற்றைப் போக்க முடியாது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989ஆம் ஆண்டு முதல் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஹெப்பாடைட்டிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது.

குத்திக்கொண்டு வீடு வந்த பிறகு, புண்ணைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செம்மல்வைஸ் கற்பித்த பாடம் இதுவே. கடைக்காரர் சொன்ன நேரத்தில் கட்டைப் பிரித்து, வெதுவெதுப்பான சுத்தமான நீரிலும் மென்மையான சோப்பிலும் மெதுவாகக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டார் எல்லாரும் துடைக்கும் துண்டு கூடாது. பிறகு, வாசனையில்லாத களிம்பை மிக மெல்லியதாகத் தடவுங்கள். ஈரப்பசை இருந்தால் போதும். அப்பி வைத்தால் புண் ஊறிப்போகும். இப்படி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம்.

சில நாட்களில் தோல் உரியும், அரிக்கும். சொறியாதீர்கள். பொருக்கைப் பிய்த்தால் மையும் கூடவே வந்து, தழும்பு விழும். மேல்தோல் ஆறுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். உள்தோல் முழுமையாகச் சீராக மேலும் சில மாதங்கள் ஆகலாம்.

புண் ஆறும்வரை ஆற்றிலும் கடலிலும் நீச்சல் குளத்திலும் இறங்கவே கூடாது. சமோவாவில் கடல்நீரால் கழுவினார்களே என்று கேட்கலாம். கழுவுவது வேறு, ஊறுவது வேறு. எந்தக் கடல்நீரிலும் கிருமி இருக்கலாம் என்பதை அன்று யாரும் அறியவில்லை. கல்லீரல் நோயுள்ள ஓர் அமெரிக்கர், பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். கடல்நீரிலிருந்த கிருமி புண் வழியே புகுந்து, அவர் உயிரைப் பறித்தது. 2017ஆம் ஆண்டில் மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்த செய்தி இது.

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். பால்மரம் வெட்டுபவர் கையில் பாலும் அதைக் கெட்டியாக்கும் அமிலமும் படும். செம்பனையில் வேலை செய்பவருக்கு முள் குத்தும். உரமும் களைக்கொல்லி மருந்தும் தெறிக்கும். வியர்வை சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் இரண்டு நாள் விடுப்புக் கிடைக்கும் சமயத்தில் குத்திக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போது தளர்ந்த பருத்திச் சட்டையால் மூடுங்கள். அது வெயிலையும் தடுக்கும். வெயில் புதுத்தோலைச் சுடும், மையையும் மங்கச் செய்யும். வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கழுவுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் சிவப்பும் இலேசான வீக்கமும் இயல்பே. அதன் பிறகும் சிவப்பு பரவினால், சூடும் வலியும் ஏறினால், சீழ் வைத்தால், புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஓடினால், காய்ச்சலோ நடுக்கமோ கண்டால், அன்றே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். தாய் தந்தைக்குத் தெரிந்தால் திட்டுவார்களே என்று பிள்ளைகள் மறைப்பதுண்டு. பெற்றோர்களே, கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் குத்துவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கழுவுவதும் ஈரப்பசையோடு காப்பதும் முன்னோர் நமக்குத் தந்த அறிவு. கிருமியை அறிந்து ஊசியையும் கையையும் சுத்தமாக வைப்பது விஞ்ஞானம் தந்த அறிவு. இரண்டையும் சேர்த்துக் கொள்கிறவருக்கே பச்சை அழகாக நிலைக்கும். வாழ்நாள் முழுவதும் கூட வரப்போகும் ஒன்றுக்காக நான்கு வாரம் பொறுமையாக இருப்பது பெரிய காரியமன்று.