நாரி நோவும் நடுவயது ஓட்டமும்

நாரி நோ என்று நம்மவர் கூறும் கீழ்முதுகு வலிக்கு எழுத்திலே பதிந்த வரலாறு மிகப் பழமையானது. 1862 ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் லக்சர் நகரிலே எட்வின் சிமித் என்னும் அமெரிக்கர் பழைய பப்பிரசுச் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 3,600 ஆண்டுகட்கு முன்னர் எழுதப்பெற்ற அச்சுருளை, 1930 இல் ஜேம்ஸ் பிரெஸ்டெட் என்னும் அறிஞர் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதிலுள்ள 48 நோய்க்குறிப்புகளுள் இறுதியானது முள்ளந்தண்டுச் சுளுக்கைப் பற்றியது. நோயாளியைக் கால்களை நீட்டி மடக்குமாறு வைத்தியன் பணித்தல் வேண்டும். நீட்டியவன் வலி தாளாது உடனே மடக்கிக்கொள்வான். அவனை மல்லாக்கக் கிடத்துதல் வேண்டும் என்று சொல்லிச் செல்லும் அக்குறிப்பு, மேலே செய்யவேண்டியதைக் கூறத் தொடங்கிய அளவிலே வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. படுக்க வைத்த பின் செய்யவேண்டியது யாது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஓய்வு என்பது ஒரு மருத்துவக் கொள்கையாகவே உயர்ந்தது. ஜோன் ஹில்ற்றன் என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர், வலிக்கு மருந்து ஓய்வே என்னும் கருத்தைத் தம் விரிவுரைகளால் நிலைநாட்டினார். அவை 1863 இல் நூலாக வெளிவந்து பல தலைமுறை வைத்தியர்க்கு வழிகாட்டின. முறிந்த எலும்பு அசையாதிருந்தாற்றான் பொருந்தும். நொந்த முதுகும் அத்தகையதே என்று கருதினர். 1934 இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர்களாகிய மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர், முள்ளந்தண்டு எலும்புகளிடையே மெத்தைபோல் அமைந்த வட்டத்தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி உண்டாகின்றது என்று எடுத்துக்காட்டினர். அரிய கண்டுபிடிப்பே அது. ஆயினும், முதுகு நொந்தோர் யாவரும் தம் தட்டு உடைந்துவிட்டது என்று அஞ்சவும், வாரக்கணக்காகப் படுக்கையிற் கிடக்கவும் அதுவும் ஒரு காரணமாயிற்று.

படுக்கையின் தீமையை முதன்முதல் உரத்துச் சொன்னோருள் ஒருவர் றிச்சட் ஆஷர் என்னும் இலண்டன் வைத்தியர். 1947 இல் அவர் எழுதிய கட்டுரை, நெடுநாட் படுக்கையால் குருதி உறைதலும், தசை மெலிதலும், எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்துக் குறைதலும், மனம் சோர்தலும் நேரும் என்று எச்சரித்தது. முதுகுநோவைப் பொறுத்தவரை அதற்கு அளந்தறிந்த சான்று 1986 இலேயே கிடைத்தது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் றிச்சட் டேயோ என்பாரும் அவர்தம் துணைவரும் 203 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு இரண்டு நாட் படுக்கையும், மற்றையோர்க்கு ஏழு நாட் படுக்கையும் விதித்தனர். இரண்டு நாள் விதிக்கப்பட்டோர் தொழிலுக்குச் செல்லாதிருந்த நாட்கள் மற்றையோரினும் நூற்றுக்கு 45 பங்கு குறைந்திருந்தன. நோய் நீக்கத்திலோ வேறுபாடு இல்லை. 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து ஊழியர் 186 பேரை ஆராய்ந்தோர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். படுத்தோரினும், விதித்த பயிற்சிகளைச் செய்தோரினும், வலி இடங்கொடுத்த அளவுக்கு அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தோரே விரைவில் தேறினர்.

நடமாடலாம் என்பது தெளிவாயிற்று. ஓடலாமோ? நடுவயதினர் ஓடுவதே ஒருகாலத்தில் நகைப்புக்கும் அச்சத்துக்கும் இடமாயிருந்தது. 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் தம் மாணவர் இருவர் தங்கப் பதக்கம் பெறக் கண்ட நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியாட், பின்னர் ஒக்லாந்து நகரிலே நடுவயதைக் கடந்தோரையும் மெல்லோட்டத்திற் பழக்கினார். 1962 இன் இறுதியில் அங்கு சென்ற பில் பவர்மன் என்னும் அமெரிக்கப் பயிற்றுநருக்கு அப்போது வயது 51. எழுபது கடந்த முதியவர் ஒருவருடன் ஓடித் தாம் பின்தங்கியதைக் கண்ட அவர், நாடு திரும்பி, இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து 1967 இல் மெல்லோட்டம் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பேசிக்கொண்டு ஓட இயலும் வேகமே ஏற்ற வேகம் என்னும் நெறி இவர்கள் காலத்திலேதான் பரவியது.

எனினும் முதுகைப் பற்றிய ஐயம் நீங்கவில்லை. ஒவ்வோர் அடியும் முள்ளந்தண்டை இடிக்கும், தட்டு விரைவில் தேயும் என்பதே பலர் துணிபு. ஐம்பது கடந்தும் விடியற்காலையில் ஓடும் வழக்கமுடைய என்னிடமும், நாரி நோக் கண்டபோது, ஓட்டத்தை அடியோடு விட்டுவிடுமாறு சொன்னோர் உளர். ஓட்டத்தை விடுவதென்பது காலையின் ஒரு மணி நேரத்தை மட்டும் விடுவதன்று. உறக்கத்தையும் உள்ளத் தெம்பையும் உடன் விடுவதாகும். ஆகவே இவ்வையம் உண்மைதானா என்று அறிதல் வேண்டும். 2017 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் 79 பேரின் முதுகைக் காந்த அதிர்வுப் படங்களால் ஆராய்ந்தபோது, ஓட்டப் பழக்கமுடையோரின் வட்டத்தட்டுகள் ஓடாதோர் தட்டுகளினும் நீர்ப்பதம் மிக்கனவாய் இருந்தன. அவர்கள் இளைஞர், ஓட்டமே அதற்குக் காரணம் என்று இவ்வோர் ஆய்வைக்கொண்டு முடிவுகட்டவும் இயலாது. ஆயினும் 2020 இல் நடுவயது ஆடவரிடையே நடந்த சிறிய ஆய்வு ஒன்றும் அதே திசையைச் சுட்டிற்று. 2024 இல், நோத் தீர்ந்த 701 பேரை ஆராய்ந்த வேறோர் அவுஸ்திரேலியக் குழு, படிப்படியாக நடைபழகியோர்க்கு வலி மீள்வதற்குள் 208 நாட்களும், பழகாதோர்க்கு 112 நாட்களும் சென்றன என்று இடைநிலைக் கணக்குக் காட்டியது.

இவ்வரலாறு நாரி நோவுடையார்க்கு உணர்த்துவது அளவறிந்து இயங்குதலையே. நோவு மிக்க நாளில் நடக்க. தணிந்த பின் நடையும் ஓட்டமுமாக மாற்றி மாற்றிச் செல்க. தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. ஓடிய மறுநாள் வலி முன்னையினும் மிகுமாயின் அளவைக் குறைத்தல் வேண்டும். காலில் வலுக் குறைதல், தொடைகளின் நடுவே மரத்துப்போதல், சலமலம் அடக்க இயலாமை, வலியுடன் காய்ச்சல் ஆகியவை தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. அவை பொறுத்திருக்கத் தக்கன அல்ல.

எகிப்திய ஏடு பாதியில் நிறுத்திய வாக்கியத்துக்கு இன்றைய மருத்துவம் தரும் விடை எளிது: படுத்தவனை எழுப்பி மெல்ல நடக்கச் செய்க. நடக்கத் தொடங்கியவன் ஒருநாள் ஓடவுங்கூடும்.