மலைநாட்டுப் பாதையும் சிக்கனக் காரும்

ஒரு நாட்டில் ஓடும் மோட்டார் வண்டிகளைப் பார்த்தே அந்நாட்டாரின் பொருள்நிலையை ஓரளவு கணித்துவிடலாம். இலங்கையின் மலைநாட்டில் இவ்வுண்மை நன்கு புலப்படும். ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். இரண்டுக்குமிடையே தலவாக்கலை வழியாகச் செல்லும் வீதி, தேயிலைச் சரிவுகளைச் சுற்றி வளைந்து ஏறுகிறது. இவ்வழியே நாள்தோறும் வேலைக்குச் சென்று மீள்பவருக்கு எந்தப் பழைய கார் கட்டுப்படியாகும் என்பது மலைநாட்டின் நெடுங்கால வினா.

புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அது தேயிலையைக் கொழும்புக்கு இறக்கிற்று. பின்னர் வந்த கார், தோட்டத்துத் துரைமாருக்கே உரியதாயிருந்தது. கொழுந்து கொய்தவர்கள் நடந்தே சென்றனர். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பின்னர் லயன் அறைகளில் வளர்ந்த பிள்ளைகளும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பணிபுரியலாயினர். வீட்டிலிருந்து தொலைவிலுள்ள பணியிடத்துக்குத் தினமும் போய்வரும் தேவை அவர்களுக்கும் உண்டாயிற்று.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே முன்னர் வந்திறங்கிய பிரித்தானியக் கார்களே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அக்கார், பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் உற்பத்தியாயிற்று. அமைப்பு எளியது, ஊர்ப் பட்டறையிலேயே திருத்தத்தக்கது. எனினும் மலைக்கு அது முற்றிலும் பொருந்தியதன்று. உயரம் கூடக் காற்று அடர்த்தி குறையும். நுவரெலியாவில் கடற்கரையிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. காபரேற்றரைச் சீர்செய்யாவிடின், எஞ்சினுக்குக் காற்றுக் குறைந்து பெற்றோல் மிகும். வலுவும் குன்றும், எரிபொருளும் வீணாகும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் பெருகின. அதன்பின் இந்தியாவின் மாருதி 800 போன்ற 796 கனசென்ரிமீற்றர் சிறு வண்டிகளும் வந்தன. மலைப்பாதையில் எடை குறைந்த வண்டிக்கே மதிப்பு அதிகம் என்பதை ஒரு கணக்கு விளக்கும். சுமையோடு 1,000 கிலோ நிறையுள்ள கார் 600 மீற்றர் ஏற, எஞ்சின் எரிபொருளின் நாலிலொரு பங்கையே பயனாக்கும் எனக்கொண்டால், ஏற்றத்துக்கென்றே சுமார் 0.7 லீற்றர் பெற்றோல் செலவாகும். ஐந்து நாளில் அது மூன்றரை லீற்றர். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பிறேக்கில் சூடாகக் கழிகிறது.

2022இல் இக்கணக்கின் கடுமை எல்லோருக்கும் விளங்கிற்று. எரிபொருள் நெருக்கடியின்போது நடைமுறைக்கு வந்த தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம், தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றரே ஒதுக்கியது. அதில் மூன்றரை லீற்றர் ஏற்றத்துக்கே போய்விடின், எஞ்சியதில் வாரத்தை ஓட்டுவது எளிதன்று. புதிய கார்களும் கிடைத்தில. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியின் விலை ஏறியது. அதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பும் கூடியது.

ஆதலின் மலைநாட்டில் கார் வாங்குவோர் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் ஆகாது. பிறேக், கிளச், குளிரூட்டி முறை ஆகியவற்றை ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிச் சோதித்தல் வேண்டும். மழையும் பனியும் மிகுந்த மலையில் அடித்தகடு துருவேறியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். ஹைபிரிட் கார் இறக்கத்தில் வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை மீட்டெடுக்கும். ஆயினும் அதன் பழைய மின்கலம் செயலிழந்தால், மிச்சம்பிடித்த பணம் முழுதும் அதற்கே செலவாகலாம். குறைந்த விலையில் வாங்கியது மட்டும் சிக்கனம் ஆகாது. வாங்கும் செலவு ஒருமுறை. மலையேறும் செலவோ ஒவ்வொரு நாளும்.