பாடப்பதிவும் ஆலோசக ஆசிரியரும்: இந்தியப் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு நோக்கு

இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாறு பெரும்பாலும் சட்டங்கள், குழு அறிக்கைகள், தேர்வுகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மாணவர் தாம் பயிலும் பாடங்களை எவ்வாறு தெரிவு செய்தார், அத்தெரிவில் அவருக்குத் துணைநின்றவர் யார் என்னும் வினாக்கள் அவ்வெழுத்துகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. தொடக்கத்தில் அவை கற்பிக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. கற்பித்தல் இணைப்புக் கல்லூரிகளின் பணியாயிற்று. பாடத்திட்டம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தமையால் மாணவர் பெயர் பதிந்தது தேர்வுக்கேயன்றிப் பாடத்திற்கன்று. தெரிவுக்கு இடம் குறுகியிருந்தவிடத்து வழிகாட்டுவோரின் தேவையும் உணரப்படவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறாக வளர்ந்தது. 1869இல் ஹார்வர்டின் தலைவராகப் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட் விருப்பப்பாட முறையைப் பெரிதும் விரிவுபடுத்தினார். பாடங்கள் பெருகவே மாணவரின் தடுமாற்றமும் பெருகிற்று. 1876இல் தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மாணவர்க்கு ஆலோசகராக ஆசிரியரை அமர்த்தும் வழக்கத்தை விரைவிலேயே மேற்கொண்டது. விருப்பப்பாடமும் ஆலோசகரும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்பது இதனால் விளங்கும்.

இவ்விரண்டும் சேர்ந்தே இந்தியாவிற்கு வந்த இடங்களுள் முதன்மையானது பந்த்நகர். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு உருவான அவ்வேளாண் பல்கலைக்கழகத்தை 1960 நவம்பர் 17ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு தொடங்கிவைத்தார். அதன் வழியே இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் பரவிய முறையில், பருவத் தொடக்கத்தில் மாணவர் தம் ஆலோசக ஆசிரியரைக் கண்டு, எடுக்க வேண்டிய பாடங்களையும் கிரெடிட் அளவையும் முடிவு செய்து, அவர் ஒப்புதலோடு பதிவு செய்வர். எப்பாடத்திற்கு முன் எப்பாடம் கற்றிருத்தல் வேண்டும் என்பதை ஆசிரியர் நோக்குவார். முதுநிலை மாணவர்க்கு ஓர் ஆலோசனைக் குழுவே உண்டு. பதிவுப் படிவத்தில் இடப்படும் அக்கையொப்பம் சில இடங்களில் வெறுஞ்சடங்காகத் தேய்ந்ததுண்டு. எனினும் மாணவரின் படிப்பு முழுமையையும் அறிந்த ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை அதில் நிலைபெற்றிருந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்க நிறுவனங்களின் துணையோடு பருவமுறையையும் விருப்பப்பாடங்களையும் வளர்த்தது.

கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இம்முறை மிகத் தாமதமாகவே வந்தது; அதுவும் பாதியாகவே வந்தது எனலாம். 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு விருப்பத்தெரிவுக் கிரெடிட் முறையை நாடெங்கும் வலியுறுத்தியது. 2021இல் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கியும் ஏற்பட்டது. கணக்கிடும் கருவிகள் வளர்ந்த அளவிற்கு ஆலோசக ஆசிரியர் என்னும் பொறுப்பு வளரவில்லை. பல கல்லூரிகளில் ஆசிரியர் எண்ணிக்கையும் கால அட்டவணையுமே மாணவரின் விருப்பத்தை முடிவு செய்கின்றன.

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளை இக்குறை நேரடியாகத் தாக்குகிறது. பிறமொழி மாணவர் ஒருவர் விருப்பப்பாடப் பட்டியலில் தமிழைக் காண்கிறார். எழுத்தே அறியாதவர் சேரலாமா, தம் முதன்மைப் பாடத்தோடு அது பொருந்துமா, நேரம் மோதுமா என அவர் வினவுவதற்கு ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவ்வாறு எவரும் இல்லாதவிடத்து அவர் நண்பர்கள் எடுக்கும் பாடத்தையே எடுப்பார். பதிவு நிகழாத தாள், அடுத்த பருவத்தில் பட்டியலிலிருந்தே நீங்கிவிடவும் கூடும்.