பக்கவாத்தியமாக ஒரு பியானோ

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்ததற்குப் பின் சில நாட்கள் திருப்பூர்த் தேநீர்க் கடைகளிலும் ‘சிம்பொனி’ என்ற சொல் புழங்கிற்று. அதன் உடன்பிறப்பான கான்செர்ட்டோவைப் பற்றி எவரும் பேசக் கேட்கவில்லை. தனிவாத்தியம் ஒன்றும் முழு இசைக்குழுவும் உரையாடும், சில வேளை மல்லுக்கு நிற்கும் வடிவம் அது. சனிக்கிழமைச் சம்பளம் பட்டுவாடாவாகி, பனியன் கம்பெனிகளின் பவர்டேபிள்கள் ஓய்ந்தபின் கூடும் நண்பர்கள் நாங்கள் அவ்வடிவில் மிகுதியும் கேட்டது, ரஷ்யரான ரக்மானினஃப் சி மைனரில் இயற்றிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவைத்தான்.

அதன் பிறப்புக் கதை பிரசித்தம். 1897இல் பீட்டர்ஸ்பர்கில் அரங்கேறிய அவரது முதல் சிம்பொனி படுதோல்வி அடைந்தது. விமர்சகர் சேசார் குய் அதை எகிப்தின் வாதைகளோடு சேர்த்துப் பேசினார். ரக்மானினஃபுக்கு அப்போது வயது 23. அடுத்த மூன்றாண்டுகள் இசைக்குழு நடத்தினார், பியானோ வாசித்தார், எழுத மட்டும் கை வரவில்லை. 1900இல் நிக்கொலாய் டால் என்னும் மருத்துவரிடம் மனோவசிய சிகிச்சை பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் கடைசி இரு பகுதிகளும், 1901 நவம்பரில் முழுப் படைப்பும் மாஸ்கோவில் அரங்கேறின. படைப்பு டாலுக்கே சமர்ப்பணம்.

மருத்துவர் குணப்படுத்தினார், மேதை எழுதினார் என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். கேட்கக் கேட்க வேறொன்று புலப்பட்டது.

லிஸ்ட் காலம் தொட்டுக் கான்செர்ட்டோவில் பியானோக்காரர்தான் நாயகர். இங்கும் பியானோவே தொடங்குகிறது. தொலைதூர மணியோசை போன்ற எட்டுச் சுரக்கூட்டுகள், மெல்ல எழுந்து பெருகுகின்றன. (ரக்மானினஃபின் அகன்ற கைகளுக்கு எட்டிய இவற்றை, பலர் ஒரே வீச்சில் பிடிக்க இயலாமல் சுரங்களைச் சிதறவிட்டு வாசிப்பதுண்டு.) அடுத்து பியானோ பாடும் என்று எதிர்பார்க்கிறோம். பாடுவதோ இசைக்குழு! வயலின்களும் வயோலாக்களும் கிளாரினெட்டும் அந்தக் கனத்த மெட்டை எடுத்துச் செல்ல, பியானோ அடியில் அலைபோல் சுரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறது. கச்சேரியில் பாடகரே தம்பூராவைக் கையில் எடுத்துக்கொண்டாற்போல.

இரண்டாவது மெட்டு பியானோவுக்குக் கிடைக்கிறது. ஆயினும் முதற்பகுதியின் பிற்பாதியில் அது திரும்பி வருகையில், ஒற்றைக் கொம்பு வாத்தியத்திடம் போய்விடுகிறது.

நடுப்பகுதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. தந்தி வாத்தியங்கள் சி மைனரில் தயங்கித் தொடங்கி, சில அடிகளுக்குள் வெகு தொலைவிலுள்ள ஈ மேஜருக்கு வந்து சேர்கின்றன. இருட்டறையின் சன்னலை யாரோ ஓசையின்றித் திறப்பதுபோல் இருக்கும். புல்லாங்குழல் பாட, பிறகு கிளாரினெட் பாட, பியானோ பின்னணியிலேயே இருக்கிறது. பின்னர் வேடங்கள் மாறுகின்றன. பியானோ பாடுகிறது, மற்றவை தாங்குகின்றன. மூன்றாண்டு மௌனத்துக்குப் பின் வந்தவர், தன் குரலை உரக்க நிறுவ முனையாமல் பிறர் பாட இடம் கொடுத்து அமர்ந்திருக்கிறார் என்றே எங்களுக்குப் படுகிறது. இதை ‘மீட்சியின் வெற்றிமுழக்கம்’ என்று கொண்டாடுபவர்கள் இறுதிப் பகுதியின் ஆரவாரத்தை மட்டும் கேட்டவர்கள் என்போம்.

அவ்விறுதிப் பகுதியிலும் உலகமே முணுமுணுக்கும் அந்த மெட்டு பியானோவில் பிறப்பதில்லை. ஓபோவும் வயோலாக்களும் முதலில் அதைப் பாடுகின்றன. வயோலா தனித்து மின்னும் வாத்தியமல்ல. வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில் பெயர் தெரியாமல் உழைப்பது.

டால் மருத்துவரும் வயோலா வாசிப்பவர்தான். பிற்காலத்தில் ரஷ்யாவை விட்டு லெபனானில் குடியேறினார். 1928இல் பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இதே கான்செர்ட்டோ வாசிக்கப்பட்டபோது, இசைக்குழுவின் வயோலா வரிசையில் அவரும் ஒருவராக அமர்ந்து வாசித்தார்.